எண்ணிப் பார்த்தால் இருபத்து நான்கு

சென்னை சிட்லபாக்கத்தில் 14 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். என் அளவு நோட்டில் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம் என்று கட்டம் போட்டு வைத்திருப்பேன். போன வருடத்து நோட்டின் கடைசிப் பக்கங்களில் மட்டும் கட்டங்கள் வேறு. எண், ஆணா பெண்ணா, எடை, காது, மூக்கு, பாதம், பல். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "அக்கா, இது யாரோட அளவு? ஒரு கிலோ நூத்தம்பது கிராம்னு போட்டிருக்கு, பல்லு கோணல்னு வேற எழுதியிருக்கு" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தால் அவர் ஜாக்கெட் அன்றைக்கு முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு முயல் உண்டு. பெயர் பட்டன். 2021-இல் பக்கத்துத் தெருவில் வீடு காலி செய்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. கடை வாசலில் அது படுத்துக் கிடப்பதைப் பார்த்துத் தெருவில் எனக்கு 'முயல் அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரால்தான் வினையும் வந்தது. 2024 ஏப்ரல் முதல் வாரம், பால்ஸ் தைக்கப் புடவை கொடுக்க வந்த பெண் சொன்னாள்: "அஸ்தினாபுரத்துல எங்க எதிர்வீட்டு மொட்டை மாடில ஏகப்பட்ட முயல் இருக்குக்கா. நாத்தம் தாங்கல. தெருக்காரங்க கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போடப் போறாங்க. அதுக்குள்ள நீங்க ஒரு தடவ வந்து பாக்குறீங்களா?"

போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர். எழுபதை நெருங்கும் வயது, இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. "ஒண்ணும் இல்லம்மா, ரெண்டு மூணு முயல் இருக்கு, அவ்ளோதான்" என்றார். கேட்டைத் திறக்கவில்லை. இருபது நிமிடம் வெயிலில் நின்று வெயிலைப் பற்றியே பேசிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரண்டாவது முறை போனபோது செல்போனில் பட்டனின் படத்தைக் காட்டினேன். எந்தத் தந்திரமும் யோசித்துச் செய்யவில்லை, பேச வேறு விஷயம் இல்லை, அவ்வளவுதான். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு என்னம்மா குடுக்குறீங்க? முடி இப்படி மினுமினுன்னு இருக்கே" என்றார். "புல்லு சார். வெறும் புல்லுதான்" என்றேன். அவர் முகம் மாறியது. கேட்டைத் திறந்தார்.

மாடிப்படி பாதி ஏறும்போதே கண் எரிந்தது. சின்ன வெங்காயம் உரிப்பது போல. முயல் சிறுநீர் தேங்கினால் வரும் அமோனியா அது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட கொட்டகை. நான்கு கம்பிக் கூண்டுகள், படுக்க வைத்த ஒரு பழைய மர பீரோ, கைப்பிடி உடைந்த ஒரு கிரைண்டர், டிவி வந்த அட்டைப்பெட்டி. எல்லாவற்றிலும், எல்லாவற்றுக்கு அடியிலும் முயல். வெள்ளையாக இருக்க வேண்டியவை எல்லாம் டீத்தூள் வடிகட்டிய துணி நிறத்தில் இருந்தன. பலவற்றின் மூக்கிலும் காது ஓரத்திலும் பாலாடை காய்ந்தது போலப் பொருக்கு. சொறி. கம்பி வலையிலேயே நின்று நின்று பின்னங்கால் பாதங்களில் முடி உதிர்ந்து புண். ஒரு தட்டில் சோறு, இன்னொன்றில் காய்ந்த இட்லி, வாடிய முட்டைகோஸ் இலை, நான்கைந்து கேரட்.

"எத்தனை சார் இருக்கும்?"

"ஒரு பன்னெண்டு இருக்கும்மா."

கணக்குப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர் 'ஒரு பன்னெண்டு' என்கிறார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நடந்தது இதுதான். 2022-இல் பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு சந்தையில் ஜோடி 600 ரூபாய்க்கு வாங்கினார். "ரெண்டும் பொட்டை சார், கேரண்டி" என்று கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதக் குட்டியில் ஆண் பெண் பார்ப்பது லேசில்லை. கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும், பழகியவர்களே ஏமாறுவார்கள். கேரண்டி கொடுத்தவர் பார்த்திருப்பார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அதில் ஒன்று தன் நெஞ்சு முடியைப் பிடுங்கி மூலையில் குவித்தது. ஏதோ நோய் என்று பயந்திருக்கிறார். மறுநாள் காலை அந்த முடிக்குள் ஆறு குட்டிகள், கண் திறக்காமல், முடி இல்லாமல், சிவப்பாக. வீட்டில் சர்க்கரைப் பொங்கல் செய்தார்களாம்.

முதல் ஈட்டுக் குட்டிகளைத் தெருப் பிள்ளைகள் போட்டி போட்டு வாங்கிப் போனார்கள். இரண்டாவது ஈட்டுக்கு ஆள் குறைந்தது. மூன்றாவதை யாரும் சீண்டவில்லை. முயலுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும். குட்டிகளும் நான்கைந்து மாதத்தில் தயாராகிவிடும், அண்ணன் தங்கை என்றெல்லாம் பார்க்காது. இது எதுவும் அவருக்குத் தெரியாது. சொல்லவும் ஆள் இல்லை. மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, பேத்தியும் போய்விட்டாள். 2023 தீபாவளி கழிந்த கொஞ்ச நாளில் அவர் மனைவிக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அதன் பிறகு அவருடைய நாள் முழுக்கக் கீழ் அறையில். மாடிக்கு ஒரு தடவை போவார், சோற்றைக் கொட்டுவார், தண்ணீர் ஊற்றுவார், இறங்கிவிடுவார்.

"கறிக்கடைக்காரர் ஒருத்தர் வந்தாரும்மா. மொத்தமா எடுத்துக்கிறேன், உருப்படிக்கு எரநூறு தர்றேன்னார். குடுத்திருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். முடியல" என்றார். அப்புறம், கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "மேல வரவே பயமா இருக்கும்மா. வந்தா எண்ணணும். எண்ணினா ஒண்ணு ரெண்டு குறையும்."

எனக்கு அன்றைக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அறிவு வேண்டாமா, படித்தவர்தானே, போனைத் தட்டினால் தெரியாதா என்று. அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "நீ ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிக் கொன்னியே ஒரு முயலு, அது?"

மறந்தே போயிருந்தேன். ஆறாவது படிக்கும்போது. மாமா வாங்கிக் கொடுத்தது. அழுக்காக இருக்கிறதே என்று ஆசையாகத்தான் குளிப்பாட்டினேன். முயலைத் தண்ணீரில் முக்கவே கூடாது. நனைந்த முடி சீக்கிரம் காயாது, பயத்திலேயே அதற்கு உயிர் போகும். ராத்திரிக்குள் விறைத்துவிட்டது. நான் பிரெட்டும் பாலும் வேறு கொடுத்திருந்தேன். அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அரிசி களைந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றப் போய்விட்டாள்.

கடைக்கு விடுமுறை விட்டால்தான் இந்த வேலை ஆகும். ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல் நாள், எல்லோருக்கும் லீவு. காலை 7 மணிக்கே ஓட்டைப் போட்டுவிட்டு, விரலில் மை காயாமல் நானும் ஒரு தம்பியும் அஸ்தினாபுரம் போனோம். தம்பி கல்லூரியில் படிக்கிறான், தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட ஓடுகிற பையன். காய்கறி கிரேட் 12, பழைய வேட்டி, பெட்ஷீட், ஒரு மீன் தராசு, சிவப்பு நீல ஸ்கெட்ச் பேனா, என் அளவு நோட்டு. முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று அவனுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கி, நம் வயிற்றோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பின்னங்கால் உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறியும், அவ்வளவு மெலிந்த எலும்பு.

ஒவ்வொன்றாகப் பிடித்து, புரட்டிப் பார்த்து, காதின் உள்பக்கத்தில் எண் எழுதினோம். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு. முதலில் தையல் சாக்பீஸால் முதுகில் கோடு போட்டுப் பார்த்தேன், ஒன்றையொன்று உரசி இரண்டு நிமிடத்தில் அழிந்தது. சார் ஓரமாக நின்று நோட்டில் எழுதினார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. 12 தாண்டியது. 13, 14. அவர் தலை நிமிரவில்லை. 19-இல் நின்றது. ஆண் 8, பெண் 11. முடிந்தது என்று தம்பி கிரைண்டரை நகர்த்தினான். அதன் பின்னால் அழுக்கு முடிக்குள் இன்னும் 5 குட்டிகள், கண் திறக்காதவை.

"இருபத்து நாலு" என்றார் சார். கூட்டி, அடியில் இரண்டு கோடு போட்டார். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, கீழே போய்விட்டார்.

இப்போது என் தப்பு. மாலை வரை காத்திருந்திருக்க வேண்டும். வேலை முடிய 12 மணி ஆகிவிட்டது. தெருக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், ஒருவர் வீடியோ எடுக்கிறார், எனக்கு எப்படியாவது கிளம்பினால் போதும் என்றாகிவிட்டது. முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்றும், 30 டிகிரி தாண்டினாலே திணறும். ஏப்ரல் உச்சி வெயிலில் 24 உயிரையும் குட்டி யானையில் ஏற்றினேன். (முயலைக் குட்டி யானையில் ஏற்றினோம் என்று தம்பி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். நான் சிரிக்க மாட்டேன்.) ஈரத்துணி போர்த்தினோம், ஐஸ் பாட்டில் வைத்தோம். நாலு கிலோமீட்டர்கூட இல்லை. இறக்கும்போது 7-ஆம் எண், நீலம், தலை சாய்ந்து கிடந்தது. அவர் மாடியில் இரண்டு கோடை தாங்கிய முயல். நோட்டில் அந்த வரிக்கு எதிரே நேரம் மட்டும் எழுதினேன், 12.50.

வீட்டில் வைக்க இடம்? கடையின் பின்னறையில் பெண்கள். ஆண்களை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும், விதைப்பையையே கடிக்கும். அதனால் ஆளுக்கொரு கிரேட், தம்பி வீட்டுப் போர்ட்டிகோவில். தரையில் கோணிச் சாக்கு, மேலே வைக்கோல். குட்டிகளையும் அவற்றின் தாய் என்று நாங்கள் யூகித்த 4-ஆம் எண்ணையும் துணி வெட்டும் மேசைக்கு அடியில் வைத்தோம். அது பகல் முழுக்கக் குட்டிப் பக்கமே போகவில்லை. தம்பி பதறிப் பசும்பாலோடு வந்தான். தடுத்தேன். தாய் முயல் நாளுக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும், அதுவும் மூன்று நான்கு நிமிடம், பெரும்பாலும் இருட்டில். காலையில் குட்டிகளின் வயிறு சின்ன எலுமிச்சம்பழம் மாதிரி உப்பியிருந்தது. யூகம் சரிதான். அப்படியும் இரண்டு பிழைக்கவில்லை.

டாக்டர் விஷயம். முதலில் அருகில் ஒருவரிடம் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்காமல், "முயலுக்கெல்லாம் எதுக்கும்மா வைத்தியம்? செலவு பண்ற காசுக்குப் புதுசா பத்து வாங்கலாம்" என்றார். சரி என்று மிக மோசமாக இருந்த ஆறைக் கூடையில் வைத்து, மின்சார ரயிலில் எழும்பூர் போய், அங்கிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ராஜபாளையம், பின்னால் ஒரு ஆடு. கூடை மேல் துப்பட்டாவைப் போர்த்தி மூலையில் உட்கார்ந்தேன். நாய் வாசனை பட்டாலே முயலுக்கு நெஞ்சு அடிக்கிற அடி கூடைக்கு வெளியே தெரியும்.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். சொறி, மேலே மேயும் பூச்சி இல்லை, தோலுக்குள் குடைகிற சின்ன உண்ணி. ஐவர்மெக்டின் ஊசி, தோலுக்கு அடியில், 14 நாள் இடைவெளியில் மூன்று தடவை. எல்லா முயலுக்கும், சொறி தெரியாதவற்றுக்கும். நாங்கள் அவசரத்தில் நாய்க்கு முதுகில் விடுகிற உண்ணி மருந்து ஒன்றை வாங்கி வைத்திருந்தோம். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் அட்டையைப் படித்துவிட்டு, "நல்லவேளை போடல. இதுல ஃபிப்ரோனில் இருக்கு, முயலுக்கு விஷம்" என்றார். வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது கை நடுங்கியது. சார் செய்த தப்புக்கும் என் தப்புக்கும் நடுவில் ஒரு அட்டைப்பெட்டிதான் இருந்தது.

பத்து நாளில் பொருக்கு உதிரத் தொடங்கியது. உதிர்ந்த இடத்தில் பிள்ளைத் தோல் மாதிரி ரோஜா நிறம். அதே பத்து நாளில் எனக்கும் தம்பிக்கும் முன்கையெல்லாம் அரிப்பு. "ஊருக்கு உபகாரம், உடம்புக்கு சொறி" என்று அம்மா வேப்பிலை அரைத்தாள். முயல்கள் சரியானதும் எங்களுக்கும் தானாக அடங்கிவிட்டது.

பல் கதை தனி. முயலின் பல் சாகும்வரை வளரும், முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். நார் உள்ள புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் தேயும். சோறும் இட்லியும் தின்றால் என்ன தேயும்? 16-ஆம் எண்ணுக்குக் கீழ்ப்பற்கள் உதட்டைத் தாண்டி மேல்நோக்கி வளைந்து நின்றன. கொம்பன் என்று பெயர் வைத்தோம். வாய் மூடாது, தின்ன முடியாது, சோற்றை நக்கித்தான் உயிர் வாழ்ந்திருக்கிறது. மாதம் ஒரு தடவை பல்லை ராவ வேண்டும். இன்றும் செய்கிறோம்.

இன்னொன்று 9-ஆம் எண். கூண்டுக் கம்பியில் என்றைக்கோ மாட்டி முறிந்து, கோணலாகக் கூடிப்போன பின்னங்கால். அதைத் தூக்கிக்கொண்டே நொண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைக் கேலி செய்வோம் இல்லையா, நான் நிஜமாகவே பிடித்துவிட்டேன். பெயர் முக்கால்.

சாப்பாட்டை ஒரே நாளில் மாற்ற முடியாது. சோறு தின்று பழகிய குடல் புல்லைக் கண்டதும் நின்றுவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அரை நாள் தின்னாமல் புழுக்கை போடாமல் இருந்தாலே ஆபத்து. இரண்டு வாரம் சோற்றைக் குறைத்துக் குறைத்து, வைக்கோலையும் புல்லையும் கூட்டினோம். அப்படியும் 11-ஆம் எண் ஒரு ராத்திரி மூலையில் சுருண்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வலிக்கிறது என்று அர்த்தம். எனக்கு அப்போது அது தெரியவில்லை. விடியும்போது போய்விட்டது.

புல்லுக்கு அலைந்த கதையை எழுதினால் இந்தப் பதிவு முடியாது. சேலையூர்ப் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் கோ-4 என்கிற மாட்டுத் தீவனப் புல் கட்டு. அவர் தராத நாளில் பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல். அங்கே விற்கிற பாட்டி மூன்றாவது நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தினம் கூடை கூடையா அருகம்புல் சாத்துறியே கண்ணு, அப்படி என்ன வேண்டுதல்?" என்று உருகிவிட்டாள். முயலுக்கு என்று சொல்ல மனம் வரவில்லை. "நல்லபடியா நடக்கணும் பாட்டி" என்றேன். பொய் இல்லை. கேரட் மட்டும் யார் கொண்டுவந்தாலும் வாங்கிச் சாம்பாரில் போட்டுவிடுவேன். முயலுக்கு அது மிட்டாய், சாப்பாடு இல்லை. படப்புத்தகங்கள் செய்த வேலை இது.

பிரித்து வைத்துவிட்டோம், இனிமேல் பெருகாது என்று நினைத்தேன். மே மாதம் இரண்டாவது வாரம், பின்னறையில் மூன்று பெண் முயல்கள் ஒரே நேரத்தில் நெஞ்சு முடியைப் பிடுங்க ஆரம்பித்தன. 31 நாள் கணக்கு. அவர் மாடியிலேயே சினையாகி வந்தவை. 16 குட்டிகள். வெட்டித் துணி, லைனிங் துணி, ஒரு கல்யாணப் பெண்ணின் கச்சா ஜாக்கெட், எல்லாம் பிரசவ அறைக்குப் போனது. 7 குட்டிகள் இறந்தன. நடுவில் ஒரு வயதான பெண் முயலும். அந்த மாதம் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுகளில் முடி ஒட்டியிருந்ததாக இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கோபித்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

ஆண்களில் ஐந்துக்குக் காயடித்தோம். ஓரிடத்தில், முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார்கள். நாய்க்குச் சொல்வதை அப்படியே சொல்கிறார்கள். முயலைப் பட்டினி போட்டால் அறுவைக்கு முன்பே குடல் நின்றுவிடும். அங்கே போகவில்லை. அறுவை முடிந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் பெண்களிடம் விடக் கூடாது, உள்ளே மிச்சம் இருக்கும். இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "மனுஷங்களுக்கு இவ்ளோ விவரம் யாரும் சொல்றதில்ல" என்றாள்.

வீடு தேடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டதும் முதல் அழைப்பு: "ஒண்ணு எத்தன கிலோ தேறும்?" இன்னொருவர் தலைமுடி வளர முயல் ரத்த எண்ணெய் காய்ச்ச வேண்டும், ஒன்று போதும் என்றார், ரொம்ப மரியாதையாக. ஒரு அம்மா பிள்ளையின் பள்ளி விழாவுக்கு இரண்டு நாள் வாடகைக்குக் கேட்டார். காட்டில் விட்டுவிடுங்களேன் என்று அறிவுரை சொன்னவர்கள் ஏராளம். நம் ஊர்க் காட்டுமுயல் வேறு இனம், குழி தோண்டாமல் புதரில் வாழ்வது, சட்டப்படி வளர்க்கவும் கூடாதது. இந்த வெள்ளை முயலைக் காட்டில் விட்டால் முதல் ராத்திரியே கீரிக்கோ நாய்க்கோ தீனி. நன்றாக வளர்ப்பவர்கள் கேட்பதெல்லாம் குட்டிகளை. பெரியதை யாரும் கேட்க மாட்டார்கள். குட்டி வேண்டுமென்றால் ஒரு பெரியதையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன். துணிக்கடையில் ஓடாத கலரை ஓடுகிற கலரோடு கட்டி விற்பது போலத்தான், வெட்கமில்லாமல் செய்தேன். தீபாவளிக்குள் 22 போய்விட்டன.

சார் எங்கே என்று கேட்பீர்கள். அந்த ஏப்ரலுக்குப் பிறகு மூன்று வாரம் அவர் வரவில்லை, பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கடை வாசலில் நின்றார். கையில் மஞ்சப்பையில் முருங்கைக்கீரை, அகத்தி. ஒரு கவரில் 5,000 ரூபாய். உள்ளே கூப்பிட்டால் வரவில்லை. "எத்தன இருக்கும்மா?" என்று வெளியே நின்றே கேட்டார். செத்தவற்றை மறைத்துச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அப்புறம் நோட்டையே எடுத்து நீட்டினேன். அவர் கையெழுத்தில் தொடங்கி என் கிறுக்கலில் தொடர்கிற பக்கங்கள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். 12.50 என்று எழுதிய இடத்தில் விரல் நின்றது. "வண்டிலயா?" என்றார். "ஆமா சார். என் தப்பு. சாயங்காலம் ஏத்தியிருக்கணும்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். மனைவியைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் இருக்கும் இரண்டு மணி நேரம். கிரேட் கழுவுவார், புழுக்கை அள்ளுவார், எடை போடுவார். என் கணக்கில் எங்கெல்லாம் கூட்டல் தப்பு என்று பென்சிலால் குறித்து வைப்பார். எவ்வளவு செலவு என்று நான் சேர்த்துப் பார்த்ததில்லை. அவர் பார்த்து, 41,000 சொச்சம் என்று சொன்னபோது அம்மா கேட்காமல் இருக்கக் கதவைச் சாத்தினேன்.

டிசம்பரில் மெதுவாகக் கேட்டார். "3-ஆம் நம்பர குடுப்பீங்களாம்மா?"

3-ஆம் எண், சிவப்பு. சந்தையில் வாங்கிய அந்த முதல் ஜோடியில் அவள்தான் பெண். பேத்தி வைத்த பெயர் பாப்பு. எல்லா ஈட்டுக்கும் மூல ஈடு. வெள்ளையில் ஒரு காது மட்டும் சாம்பல். யாரும் எடுத்துப் போகாமல் இருந்தாள். நான் உடனே தலையாட்டவில்லை, அது உண்மை. பாதி ராத்திரி யோசித்தேன். அந்தக் கண்ணெரிச்சல் ஞாபகம் வந்தது. எண்ணப் பயந்தேன் என்று அவர் சொன்னதும் ஞாபகம் வந்தது.

தனி முயல் ஏங்கிப் போகும், அதனால் காயடித்து இரண்டு மாதம் ஆன ஒரு ஆணையும் சேர்த்துத் தருகிறேன் என்றேன். நிபந்தனைகள் சொன்னேன்: மாடியில் இல்லை, கீழே, அவர் மனைவி படுத்திருக்கும் அறையிலேயே. கம்பித் தரை கூடாது. புல் கட்டு நானே அனுப்புவேன். அப்புறம் விளையாட்டாக, "தினம் காலைல எண்ணி எனக்கு மெசேஜ் போடணும் சார்" என்றேன்.

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை 6.40-க்கு வாட்ஸ்அப்பில் வெறும் ஒரு எண் வந்தது: 2. அதற்கு மறுநாளும் 2. பொங்கலன்று, அவர் மனைவியை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, மின்சாரம் போய் ஊரே இருட்டாகக் கிடந்த ஒரு காலை, எல்லா நாளும் 2. வணக்கம் கிடையாது, பூப்படம் கிடையாது. இப்போது அந்த அம்மாவின் இடது கை பாப்புவின் முதுகில்தான் பாதி நாள் கிடக்கிறது என்று வீட்டு வேலைக்கு வரும் பெண் சொன்னாள். பாப்பு ஒரு நாள் அறைக்குள்ளேயே நின்ற இடத்தில் எகிறி, அந்தரத்தில் உடம்பை முறுக்கி, ஒரு உதை உதைத்து இறங்கினாளாம். சந்தோஷம் வந்தால் முயல் அப்படித்தான் செய்யும். அவர் அதை வலிப்பு என்று நினைத்து எனக்கு போன் போட்டுவிட்டார்.

என்னிடம் இப்போது பட்டனோடு சேர்த்து ஐந்து: கொம்பன், முக்கால், யாரும் கேட்காத இரண்டு கிழவிகள்.

இந்த மே மாதம் ஒரு காலை. அவசர ஆர்டர், மேசையில் பட்டுத்துணி விரித்துக் கழுத்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். 6.40-க்கு போன் மினுங்கியது. பார்த்தேன்.

3.

கத்தரி கையிலிருந்து நழுவி நல்ல பட்டில் ஒரு கீறல். காயடித்த ஆண்தானே, ரசீதுகூட இருக்கிறதே, இரண்டு மாதம் பொறுத்துத்தானே விட்டோம், ஒன்று மட்டும் எப்படிப் போடும், மீதி எங்கே? கைநடுங்க நம்பரைப் போட்டேன். எடுத்தது சார் இல்லை. ஒரு குட்டிப் பெண்.

"தாத்தா மோட்டார் போடப் போயிருக்காங்க ஆன்ட்டி. இன்னைக்கு நான்தான் எண்ணுனேன். பாப்பு ஒண்ணு, பெரிசு ஒண்ணு, நான் ஒண்ணு."